லாக்ராஸ் கிளப் தேடும் மேரிலாந்துத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா அன்று, மேடைக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு வேட்டியும் பாவாடையும் கட்டிவிட்டுக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "லாக்ராஸுக்கு எந்த கிளப் நல்ல கிளப்?" அவசரத்தில் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டேன். வீடு திரும்பிய பிறகு மனம் உறுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கேள்வியைக் கேட்டு, காதில் விழுந்த பெயரை நம்பிப் போய், என் மகளை ஓராண்டு வாட வைத்தவள். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

கிரிக்கெட்டோ கபடியோ என்றால் நமக்குக் கண் இருக்கிறது. பயிற்சியாளர் சொல்லித் தருவது சரியா என்று எல்லைக்கோட்டருகே நின்றபடியே கணித்துவிடுவோம். வலை கட்டிய நீள மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் லாக்ராஸ் அப்படியில்லை. வட அமெரிக்காவின் ஹோடனோஷோனி பூர்வகுடி மக்கள் படைத்தவனுக்காக ஆடிய ஆட்டம் அது. 2004-இல் மேரிலாந்து அதைத் தன் மாநில அணி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. பாட்டன், தகப்பன், பேரன் என்று ஆடும் குடும்பங்கள் இங்கே உண்டு. நாம் அந்த மட்டையை முதன்முதலில் பிடித்துப் பார்த்ததே பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தபோதுதான். கண்ணுக்குப் பிடிபடாததால் பெயரையும் தரவரிசையையும் நம்புகிறோம். நான் சறுக்கியதும் அங்கேதான்.

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஆகஸ்டில் ஒரு பெரிய கிளப் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நாளுக்குப் போனோம். எண் எழுதிய மேலாடையுடன் புல்தரை நிறையச் சிறுமிகள். கிளப் இயக்குநர் அருமையாகப் பேசினார். அன்று இரவே மின்னஞ்சல் வந்தது: இடம் கிடைத்திருக்கிறது, 48 மணி நேரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும், கட்டிய பணம் திரும்பாது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் அணி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அணிக்கு ஒரு நிறத்தின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். செப்டம்பரில் பயிற்சி தர வந்தவர் அந்த இயக்குநர் அல்லர். அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஓர் இளம்பெண். நவம்பரில் அவரும் நின்றுவிட்டார். அணியில் 27 சிறுமிகள். பெண்கள் ஆட்டத்தில் கோல்கீப்பரையும் சேர்த்துக் களத்தில் நிற்பது 12 பேர்.

மறு ஜூலையில் டெலவேரில் ஒரு போட்டித் தொடர். இரண்டு நாள், நான்கு ஆட்டம். நான் கடிகாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மகள் களத்தில் நின்றது மொத்தம் 19 நிமிடம். காரில் ஏறியதும் பல்லுறையை என் கையில் கொடுத்தாள். உட்கார்ந்த இடத்திலேயே அதைக் கடித்துக் கடித்துச் சக்கையாக்கியிருந்தாள். பால்டிமோர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே உங்களை மன்றாடிக் கேட்கிறேன்: கிளப்பை ஒப்பிடாதீர்கள். உங்கள் பிள்ளை ஆடப்போகும் அந்த ஒரே அணியை ஒப்பிடுங்கள். வரும் ஆண்டு இந்த அணிக்குப் பயிற்சியாளர் யார், எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் கிளப் எத்தனை கோப்பை வென்றிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

தேர்வு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். அன்று எல்லாரும் புன்னகையோடுதான் இருப்பார்கள். இப்போது ஜூன் மாதம், எல்லா அணிகளும் பயிற்சியில் இருக்கின்றன. அனுமதி கேட்டு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போய் நில்லுங்கள். எங்கள் இரண்டாவது கிளப்பை அப்படித்தான் கண்டுபிடித்தோம். ஒரு சிறுமி தரையில் உருண்ட பந்தை மூன்று முறை கோட்டைவிட்டாள். பயிற்சியாளர் கத்தவில்லை. அவளை ஓரமாக அழைத்துப் போய்த் தானும் புல்லில் உட்கார்ந்து, மட்டையின் வலையை விரலால் அழுத்திப் பார்த்து, கயிறுகளைத் தளர்த்திக் கட்டிக் கொடுத்தார். பிறகு பின்கையைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார். நான்காவது முறை பந்து வலைக்குள் ஏறியது. லாக்ராஸ் தெரியாத எனக்கும் அது விளங்கியது.

கல்லூரி விஷயம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் மயங்குகிறோம். எங்கள் பிள்ளைகள் சேர்ந்த இடங்கள் என்று கிளப் இணையதளத்தில் கல்லூரிச் சின்னங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த ஆண்டு பள்ளி முடித்த அணியில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் சிறு வயதிலிருந்து அங்கேயே வளர்ந்தவர்கள், எத்தனை பேர் கடைசி ஓரிரு ஆண்டுகளில் வேறு கிளப்பிலிருந்து வந்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2017-இல் வந்த விதிப்படி, டிவிஷன் 1 எனப்படும், கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவிலுள்ள பயிற்சியாளர்கள் 11-ஆம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் பிள்ளைகளிடம் ஆள்சேர்ப்புப் பேச்சே எடுக்கக் கூடாது. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரிடம் கல்லூரியைக் காட்டிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உதவித்தொகைக் கணக்கும் நாம் நினைப்பது போல் இல்லை. நெடுங்காலம் டிவிஷன் 1 ஆண்கள் அணி ஒன்றுக்கு 12.6, பெண்கள் அணிக்கு 12 முழு உதவித்தொகை என்பதே உச்சவரம்பு. அதையும் பல பேருக்குப் பிரித்துத்தான் தருவார்கள். 2025-இல் விதி மாறியிருக்கிறது, ஆனால் முழுத்தொகை இன்னும் அரிதுதான். டிவிஷன் 3 கல்லூரிகளும் ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை.

மகன்கள் இருப்போர் இன்னொன்றையும் கவனியுங்கள். பல கிளப்புகள் வயதைப் பார்த்து அணி பிரிப்பதில்லை, பள்ளி முடிக்கும் ஆண்டைப் பார்த்துப் பிரிக்கின்றன. ஒரே வகுப்பை இரண்டு முறை படித்த பையன் அதே அணியில் ஒரு வயது மூத்தவனாக, ஒரு தலை உயரமாக நிற்பான். ஆண்கள் ஆட்டத்தில் உடல் மோதல் உண்டு. 12 வயதில் அது சின்ன வித்தியாசம் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, அவர்கள் சொல்லும் கட்டணம் பாதிக் கதைதான். சீருடை, குளிர்கால உள்ளரங்கப் பயிற்சி, பெட்ரோல் எல்லாம் தனி. சில போட்டிகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சென்ற ஆண்டு சேர்ந்த ஒரு குடும்பத்திடம் முழுக் கணக்கைக் கேட்டுவிடுங்கள்.

கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) நடத்தும் பொழுதுபோக்கு லீக்கில் ஆடுவதை யாரும் தாழ்வாக எண்ண வேண்டாம். எட்டு, ஒன்பது வயதுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஆடுவார்கள்.

தமிழ்ப் பள்ளிக்கு விடுமுறை விட்டாலும், வரும் இரண்டு ஞாயிறு மாலைகளில் நானும் மகளும் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் புல்வெளியில் இருப்போம். அவளிடம் கூடுதலாக மூன்று மட்டைகள் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துவாருங்கள், நீங்களும் ஒருமுறை பந்தைப் பிடித்துப் பாருங்கள். எந்த அணியின் பயிற்சியைப் போய்ப் பார்க்கலாம் என்று நேரில் பேசுவோம். தேவைப்பட்டால் நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
எல்லிகாட் சிட்டியிலிருந்து ஓர் அம்மா