நெருங்காமலே எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பறவைகளைப் படமெடுப்பது குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொலைவில் இருப்பதை அருகே காட்டும் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்குங்கள், முடியாவிட்டால் பறவையிடம் நெருங்கிச் செல்லுங்கள் என்பதே அதன் சாரம். இரண்டாவது அறிவுரை என்னை வருத்தியது.

வேறு வழி இருக்கிறது. பறவை பார்க்கப் பயன்படும் சிறு தொலைநோக்கியான ஸ்கோப்பில் நாம் கண் வைக்கும் கண்வில்லையோடு சிறிய டிஜிட்டல் கேமராவைப் பொருத்தி எடுக்கும் டிஜிஸ்கோப்பிங் முறை அது. மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ 1999-வாக்கில் தொடங்கிப் பரப்பியது. பல ஆண்டுகளாக நான் எடுப்பதும் இப்படித்தான். 20 மடங்கு பெருக்கும் ஸ்கோப்புக்குப் பின்னால் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் 1000 மி.மீ. லென்ஸின் வீச்சு கிடைத்துவிடும்.

புதியவர்கள் உடனே 60 மடங்குக்குத் திருகிவிடுகிறார்கள். அங்கேதான் படம் கெடுகிறது. 65 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட ஸ்கோப்பிலிருந்து 20 மடங்கில் வெளிவரும் ஒளிக்கற்றை 3 மி.மீ.க்குச் சற்று அதிகமான அகலம் கொண்டது. 60 மடங்கில் அது 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். வெளிச்சம் குறையும், ஷட்டர் வேகம் குறையும், பறவை தலையைத் திருப்பினாலே உருவம் கலங்கும். குறைந்த பெருக்கமே போதும். கேமராவின் மையம் பிசகாமல், கண்வில்லைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்தால் ஓரத்தில் விழும் கறுப்பு வளையம் பெருமளவு குறையும். கேமரா அசையாமலிருக்கக் கனமான முக்காலியும், பொத்தானை அழுத்தி 2 விநாடி கழித்துப் படமெடுக்கும் டைமரும் அவசியம். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் கானலை எந்த வில்லையாலும் வெல்ல முடியாது. காலையிலேயே எடுத்துவிட வேண்டும்.

பறந்துகொண்டிருக்கும் பறவைக்கு இந்த முறை சரிவராது. ஆனால் சேற்றில் இரை தேடும் உள்ளானையும் கிளையில் உறங்கும் ஆந்தையையும் அவற்றுக்குத் தெரியாமலே எடுக்கலாம். கழுத்தை நிமிர்த்தி நம்மை வெறிக்கும் பறவையின் படத்தை எல்லோரும் பாராட்டுகிறார்கள். அந்தப் பறவை இரையை விட்டுவிட்டு ஓடத் தயாராக நிற்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. கூட்டருகே ஆள் போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும். முட்டைகள் வெயிலில் கிடக்கும், காகம் பார்த்துவிடும்.

வாசகர்கள் அனுப்பும் கூட்டுப் படங்களை, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தார்கள் என்று கேட்காமல் வெளியிட வேண்டாம். மிக அருகில் சென்று எடுத்திருந்தால், எத்தனை அழகாக இருந்தாலும் நிராகரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலரான ஒரு வாசகர்