கிறிஸ்துமஸ் துணி எடுக்கச் சேர்ந்து போவோம்

அன்பிய உறவுகளே, இயேசுவுக்கே புகழ்!

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு மதுரை கீழவெளி வீதி தூய மரியன்னை பேராலய வாசலில் கூடுகிறோம். அங்கிருந்து விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளுக்கு நடந்தே போய்விடலாம்.

கைபேசியில் படம் பார்த்து வாங்கினால் துணியைத் தொட்டுப் பார்க்க முடியுமா? போன வாரம் அங்கே ஒரு சின்னக் கடையில் சுங்குடிச் சேலை கேட்டேன். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ச் சேலை! கடைக்கார அண்ணன், முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து இன்னும் முடிச்சு அவிழ்க்காத சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "இழுங்கம்மா" என்றார். படபடவென்று முடிச்சுகள் தெறித்தன. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் பூத்தன. ஒன்று வாங்கப் போனவள் இரண்டு எடுத்துவிட்டேன். "அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?" என்றும் மறக்காமல் விசாரித்தார். இந்த விசாரிப்பு எனக்குத் தள்ளுபடியைவிடப் பெரிது.

திரும்பும்போது கீழமாசி வீதியில் கேக்குக்கு முந்திரி, திராட்சை. குடிலுக்கு வைக்கோல் நான் கொண்டுவருகிறேன்.

பிளவுஸ் தைக்க வேண்டியவர்கள் அளவு பிளவுஸை மறக்காதீர்கள். இப்போதே கொடுத்தால்தான் திருவிழாவுக்குள் கிடைக்கும். ஆளுக்கொரு துணிப்பை எடுத்து வாருங்கள். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கே பெயர் சொல்லிவிடுங்கள்.