செயலாளரின் ஆண்டறிக்கை: 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்தின் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

திருவண்ணாமலையில் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களின் இந்தச் சிறு சங்கத்துடைய 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 41 பேர் இருந்தோம், இப்போது 47 பேர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை 6 மணிக்குத் தேரடி டீக்கடையில் கூடிக் கிளம்பும் தெரு நடை பத்து முறை நடந்தது. அக்டோபரில் மழை. டிசம்பரில் தீபக் கூட்டத்தில் அலைந்த களைப்பில் யாருக்கும் கால் எழவில்லை. அதைத் தீர்மானப் புத்தகத்தில் ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்று எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு துயரச் செய்தி. நாம் எல்லோரும் ‘ஸ்டூடியோ அண்ணன்’ என்றே அழைத்த மூத்த உறுப்பினர் ஜூன் மாதம் காலமானார். இந்த அறையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தவர் அவர்தான். பிலிமில் உள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் அச்சிட உதவும் தன் என்லார்ஜரைச் சங்கத்துக்கே கொடுக்கச் சொல்லியிருந்தார். வீட்டார் கொண்டுவந்து தந்தார்கள். பல்பு இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழுவில் ஓராண்டு முழுக்க ஒரே ஒரு புகைப்படக்காரரைப் படிப்பது என்று முடிவானது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெயரை முன்மொழிந்தவர் ஸ்டூடியோ அண்ணன். (தீர்மானப் புத்தகத்தில் இந்தப் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. நான்கையும் எழுதியது நான்தான்.) ‘உலகமெல்லாம் சுத்தினவர் நம்ம ஊருக்கும் வந்துட்டுப் போயிருக்காரு. அவரை விட்டுட்டு வேற யாரைப் படிக்கப் போறோம்?’ என்று கேட்டார். எதிர்த்துப் பேச ஆளில்லை.

1950 ஏப்ரலில் ரமண மகரிஷி உடல்நலம் குன்றிக் கடைசி நாட்களில் இருந்தபோது கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இங்கே இருந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் ராபர்ட் காப்பா முதலிய புகைப்பட நண்பர்களோடு மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்து, பிறகு அவருடைய இறுதி ஊர்வலத்தையும் படமாக்கியவர். இங்கே ரமணரின் கடைசி நாட்களையும், அவர் மறைந்தபின் மக்கள் வந்து வணங்கியதையும் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு வானத்தில் தெற்கிலிருந்து ஓர் ஒளி வால் நீட்டியபடி மெதுவாக நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார், மணி 8.47. ஆசிரமத்துக்கு ஓடிப் போனால், அதே நிமிடத்தில்தான் ரமணர் உயிர் பிரிந்திருக்கிறது.

இது நடந்து 75 ஆண்டு நிறைந்த நாள் 2025 ஏப்ரல் 14. தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை என்பதால் 31 பேர் வந்தார்கள், இந்த ஆண்டில் அதுதான் அதிகம். மாலையில் செங்கம் சாலையில் கூடினோம். கேமராக்களைப் பையிலேயே வைத்துக்கொள்வது என்று முன்பே பேசியிருந்தோம். 8.47-க்கு மலையைப் பார்த்தபடி நின்றோம். வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை, ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திரும்பி வரும்போது புது உறுப்பினர் ஒருவர் கேட்டார்: ‘கணத்தைப் பிடிக்கிறதுக்குப் பேர் போனவர், அந்த ஒளியைப் படம் எடுக்காம வாட்ச்சையா பார்த்தாரு?’ இருட்டில், அந்தக் கால பிலிமில், கையில் பிடித்து எடுத்திருந்தாலும் ஒன்றும் விழுந்திருக்காது என்று தொழில்நுட்பமாகப் பதில் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல என்பது வீட்டுக்குப் போனபின் உறைத்தது.

அந்தக் ‘கணம்’ என்ற சொல்லே நம்மில் பலரைக் கெடுத்து வைத்திருந்தது என்பது என் கருத்து. 1952-இல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு ‘தீர்மானகரமான கணம்’ என்ற பொருள் தருவது. அவர் முன்னுரையின் தலையில் மேற்கோளாக வைத்த, பழைய பிரெஞ்சுக் கார்டினல் ஒருவரின் வாக்கியத்திலிருந்து எடுத்தது அது. பிரெஞ்சுத் தலைப்போ முற்றிலும் வேறு: ‘இமாஜ் ஆ லா சோவெத்’. லைசென்ஸ் இல்லாமல் நடைபாதையில் கடை விரிப்பவர்கள் போலீஸ் தலை தெரிந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுகிற தயார்நிலையில் விற்பார்களே, அதற்குப் பிரெஞ்சில் இப்படித்தான் சொல்வார்களாம். இதை பிப்ரவரிக் கூட்டத்தில் சொன்னதும், பெரிய தெருவில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ‘அதானே, கிரிவலத்தன்னைக்கு ராஜகோபுரத்தாண்ட பூக்காரம்மாங்க நாலு மூலையையும் சேர்த்துப் புடிச்சிக்கினே உக்காந்திருப்பாங்களே, அது!’ என்றார். இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியாது.

ஆங்கிலத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, பட்டனை அழுத்திப் பிடித்தால் படபடவென்று எடுத்துத் தள்ளும் பர்ஸ்ட் மோடில் நூறு படம் தட்டி அதில் ஒன்றைப் பொறுக்குவதுதான் தெருப் புகைப்படம் என்று இருந்தோம். அதனால் மார்ச் முதல் விதி போட்டோம். ஒரு நடைக்கு 36 படம், அவருடைய லைக்கா கேமராவில் ஒரு பிலிம் ரோலுக்கு அவ்வளவுதான். 50 எம்எம் லென்ஸ் மட்டும். ஏறக்குறைய அதே பார்வை கிடைக்க, சென்சார் சிறிதாக உள்ள கேமராக்காரர்களுக்கு 35, போன்காரர்களுக்கு 2எக்ஸ் ஜூம். பிளாஷ் கூடாது. கிராப் கூடாது, அதாவது எடுத்தபின் ஓரங்களை வெட்டக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரே இடம், அங்கிருந்து பத்தடிக்கு மேல் நகரக் கூடாது. எடுத்த 36-ஐயும் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஒன்றையும் அழிக்கக் கூடாது.

மற்றதையெல்லாம் முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்டவர்கள் கடைசி விதிக்குத்தான் கொதித்தார்கள். நல்ல படத்தைக் காட்டுவது எல்லோருக்கும் பிடிக்கும், அதற்கு முன்னால் எடுத்த பதினைந்து மொக்கைப் படங்களை யார் காட்டுவார்? நானும் தயங்கினேன். என் முதல் 36-இல் 22 படங்கள் மனிதர்களின் முதுகு. எதிரே போய் நிற்கத் தைரியம் இல்லாதவன் என்று ஊரறியத் தெரிந்துபோனது. ஆனால் ‘மிச்சப் படக் கூட்டம்’ என்று பேர் வாங்கிய அந்தச் சந்திப்புகளைப் போல எதுவும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வரிசையாகப் பார்க்கும்போது எடுத்தவருடைய பார்வை எங்கே போனது, எங்கே அவசரப்பட்டார், எந்த இடத்தில் இன்னும் அரை நிமிடம் நின்றிருக்கலாம் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது.

ஒரு எடுத்துக்காட்டு. கல்லூரி மாணவியான உறுப்பினர் ஒருவர் செப்டம்பர் நடையில் ஒரு டெய்லர் கடைக்கு எதிரே நின்றார். கடை திறக்கவில்லை. மேலே போர்டில் இன்ச் டேப் ஒன்று வளைந்து வளைந்து ஓடுவதுபோல் வரைந்திருக்கும். கீழே படியில் பூக்காரம்மா. முதல் நான்கு படங்களில் அம்மா மட்டும், போர்டு இல்லை. ஐந்தாவதில் போர்டு வந்துவிட்டது, ஆனால் நடுவில் ஒரு பையன் சைக்கிளை நிறுத்திவிட்டான். ஆறு, ஏழு, எட்டு எல்லாம் சைக்கிள் போகுமா என்று பார்த்து எடுத்தவை. ஒன்பதாவதில் சைக்கிள் இல்லை. அம்மா மல்லிகைச் சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இழுத்துப் பிடித்து முழம் போடுகிறார், அவர் தலைக்கு மேலே அதே சாய்வில் இன்ச் டேப். வாங்க நிற்பவரின் கை மட்டும் ஓரத்தில் சில்லறையோடு நீட்டியிருக்கிறது. மொத்தம் 11 படம்தான் எடுத்திருந்தார். ‘மீதி 25 எங்கேம்மா?’ என்று கேட்டதற்கு, ‘இது கிடைச்சதும் போதும்னு தோணுச்சு சார், பூ வாங்கிட்டு வந்துட்டேன்’ என்றார்.

பாரிஸில் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் 1932-இல் எடுத்த படத்தை ஜூலையில் திரையிட்டுப் பேசினோம். தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதனை எல்லோரும் பார்த்துவிடுகிறோம். பின்சுவரில் ஒட்டிய போஸ்டரில் ஒரு நடனக்காரி அதே மாதிரி தாவுகிறாள் என்பதைக் கண்டுபிடிக்க நமக்குப் பத்து நிமிடம் ஆனது. மாணவியின் டெய்லர் போர்டு அங்கிருந்து வந்தது. மற்றவர்கள் எடுத்துக்கொண்டது தண்ணீரை. மழைக்காலத்தில் குட்டை தாண்டும் படங்கள் மட்டும் பதினேழு வந்தன. நம் ஊர்ச் சாலைகளில் குட்டைக்குப் பஞ்சமில்லை, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் போதும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிராப் எதிர்ப்பாளர்களுக்கு ஒரு தகவல். வெட்டக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்த கார்த்தியே-ப்ரெஸ்ஸோனுடைய அந்த சான் லசார் படமே வெட்டப்பட்டதுதான். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததில் பலகை ஒரு பக்கத்தை மறைத்துவிட்டது.

ஆகஸ்ட் கூட்டம் சண்டையில் முடிந்ததையும் பதிவு செய்ய வேண்டும். கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்துக்கு அருகே நம் உறுப்பினர் ஒருவர் வயதான சாது ஒருவரை எடுத்திருக்கிறார். அவர் கோபப்படவில்லை. ‘இதை எங்கே போடுவ சாமி? போட்டா எனக்கு என்ன?’ என்று மட்டும் கேட்டிருக்கிறார். உறுப்பினர் பதில் தெரியாமல் படத்தை அழித்துவிட்டார். 36-இல் ஒன்று குறைந்ததால் விவகாரம் கூட்டத்துக்கு வந்தது. கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் யாரைக் கேட்டு எடுத்தார்? கேமராவின் பளபளப்பு தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு திரிந்தவர் என்றது ஒரு தரப்பு. தன்னை யாரும் படம் எடுப்பதை அவர் விரும்பியதே இல்லை, அது மட்டும் நியாயமா என்றது இன்னொரு தரப்பு. இரண்டும் உண்மை. எனக்குத் தோன்றியது இது: அவர் எடுத்த முகங்கள் பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் போயின. நாம் எடுப்பது அன்று சாயங்காலமே எடுக்கப்பட்டவரின் பேரன் போனுக்கே போய்விடுகிறது. அவரிடமிருந்து கண்ணை எடுத்துக்கொள்ளலாம், அந்தக் காலத்து உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது. தூங்குபவர், குளிப்பவர், கை ஏந்துபவர் படங்கள் போட்டிக்கோ கண்காட்சிக்கோ ஏற்கப்படா. ஒருவர் வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும், அது மட்டும் 36-இல் சேராது என்ற தீர்மானம் 19-க்கு 6 என்று நிறைவேறியது. எதிர்த்த ஆறு பேரும் இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்.

நவம்பர் கண்காட்சி மூன்று நாள் நடந்தது, 40 படங்கள். இதில் நேர்ந்த தவறுக்கு நானே பொறுப்பு. போனில் எடுத்த படம் 4:3 விகிதம், நாம் சொன்ன 12×18 தாள் 3:2. ஓரத்தில் வெள்ளை விடச் சொல்லி எழுதிக் கொடுக்க மறந்துவிட்டேன். பிரிண்ட் போட்ட இடத்தில் தாளை நிரப்பி அடித்துக் கொடுத்தார்கள். கிராப் இல்லாத கண்காட்சி என்று பேனர் கட்டிவிட்டு, போன் படம் 14-க்கும் மேலும் கீழும் வெட்டி மாட்டியிருந்தோம். ஒரு படத்தில் குழந்தையின் கால் போய்விட்டது, அந்தக் கால்தான் படமே. இரவோடு இரவாகத் திரும்ப அடித்து மாட்டினோம், பாதிப் பணத்தை அவர்களே விட்டுக்கொடுத்தார்கள். திறப்பன்று முதலில் வந்தவர் டெய்லர். தன் போர்டைப் பார்த்துவிட்டு, ‘பெயின்ட் போயிடுச்சுன்னு இப்பத்தான் தெரியுது’ என்று கவலையோடு சொன்னார். பூக்காரம்மாவுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தோம். கையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம், பார்க்கிறவங்க முழம் குறைச்சல்னு நினைப்பாங்க என்றார்.

வரவு செலவு: முன்னிருப்பு ரூ.11,340, சந்தா ரூ.25,200, நன்கொடை ரூ.15,000, ஆக ரூ.51,540. பிரிண்டும் பிரேமும் ரூ.27,600, மண்டப வாடகை ரூ.9,000, டீ, டிபன், வண்டி ரூ.6,180, இதர செலவு ரூ.1,450, மொத்தம் ரூ.44,230. கையிருப்பு ரூ.7,310. டீச் செலவு கூடிவிட்டது என்று தணிக்கையாளர் குறித்திருக்கிறார். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னால் எல்லோரும் டீக்கடை வாசலைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், நான் என்ன செய்ய?

ஐந்து பேரின் சந்தா ரூ.600 வீதம் பாக்கி. பெயரை வாசிக்கவில்லை, கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும். என்லார்ஜருக்குப் பல்பு எங்காவது கண்ணில் பட்டால் சொல்லவும். அடுத்த நடை பிப்ரவரி 8, ஞாயிறு காலை 6 மணி, வழக்கமான இடம். மிச்சப் படங்களோடு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்
திருவண்ணாமலை, 25.01.2026