பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணிங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

நான் சேலம் அம்மாபேட்டைல தறி ஓட்டறவன். ஆடி பண்டிகைக்கு கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு போயிட்டு வந்து வீட்ல ஒவ்வொருத்தரா வாந்தி பேதின்னு படுத்துட்டோம், காரணம் ரோட்டுக்கடை தட்டுவடை செட்டா இல்ல ட்ரம்ல புடிச்சு வெச்ச தண்ணியான்னு இன்னும் பட்டிமன்றம் ஓடுது. பெரியவங்க எந்திரிச்சுட்டோம். ரெண்டு வயசு பேத்திக்குதான் வயித்தால போறது நிக்கவே இல்ல.

மெடிக்கல்ல கேட்டா பேதிய நிறுத்தற மாத்திரைல பாதி குடுங்கன்னு நீட்டுனாங்க, கூட ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், அதாங்க தண்ணில கலக்கி குடிக்கற உப்பு சக்கர பொடி. மாத்திரைய மருமக தொடவே விடல, நல்லவேள, சின்ன கொழந்தைங்களுக்கு அத குடுக்கவே கூடாதாம். ஆனா அந்த பாக்கெட்ல நான் பண்ணுன கூத்துக்குதான் இந்த லெட்டர். முழுசா ஒரே டம்ளர்ல கொட்டி கலக்கி ஊட்டுறேன், கொழந்த துப்புது, நான் திட்டறேன். ஆஸ்பத்திரில நர்சம்மா கேட்ட மொத கேள்வியே எவ்ளோ தண்ணில கலக்குனீங்கன்னுதான். சொன்னதும் தலைல கைய வெச்சுட்டாங்க.

20 கிராம் சொச்சம் இருக்கற பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி, 4 கிராம் சொச்சம் இருக்கற சின்னதுக்கு 200 மில்லி. கெட்டியா கலக்குனா ரத்தத்துல உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகுமாம். சரியா கலக்குனா சக்கர உப்ப கையப் புடிச்சு கொடலுக்குள்ள கூட்டிட்டு போகும், பின்னாடியே தண்ணியும் போயிடும், பேதி போயிட்டு இருக்கறப்பவே. 1971ல வங்காள அகதிங்க முகாம்ல காலரா வந்தப்ப டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத ட்ரம் ட்ரம்மா கலக்கி குடுத்துதான் அத்தன உசுர காப்பாத்துனாரு, 2022ல அவரு இறந்தப்ப பேப்பர்ல படிச்சேன், படிச்சு என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

ஊசியோ ஆன்டிபயாட்டிக்கோ போடுங்கன்னு நானும் டாக்டரம்மாகிட்ட கெஞ்சுனேன். மலத்துல ரத்தம் இல்ல, காலராவும் இல்ல, கொழந்தைங்களுக்கு வர்றது முக்காவாசி வைரஸ், அதுக்கு அந்த மருந்து கேக்காதுன்னுட்டாங்க. ஒவ்வொரு தடவ போனதுக்கப்புறமும் அரை டம்ளர் போல கொஞ்சம் கொஞ்சமா ஸ்பூன்ல, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடியும், சாப்பாட்ட நிறுத்தக்கூடாது, கலக்குன தண்ணிய 24 மணி நேரத்துக்கு மேல வெக்கக்கூடாது. ஜிங்க் மாத்திர தெனம் 20 மில்லிகிராம் 14 நாளு. பேதி நாலாம் நாளே நின்னுடுச்சு, மாத்திரையையும் நிறுத்திடலாம்னு பாத்தேன், மருமக விடல. ஒண்ணுக்கு போகாம, கண்ணு குழி விழுந்து, அழுதா கண்ணீர் வரலன்னா மட்டும் வீட்ல வெச்சுட்டு உக்காந்திருக்காதீங்க.

எங்க வீட்டுக்கு வந்த பாக்கெட்ல ஒரு லிட்டர்ங்கறது பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருந்துச்சு, கண்ணாடி போட்டாலும் எனக்கு தெரியல. தமிழ்ல பெருசா போடச் சொல்லி நீங்க எழுதணும்ங்க, மெடிக்கல்காரங்களும் குடுக்கறப்ப வாயால ஒரு தடவ சொல்லிடட்டும். ஜிங்க்கும் ஓஆர்எஸ்ஸும் ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்ங்கறதயும் சேத்து போடுங்க, எங்க தெருவுல பாதிப் பேருக்கு தெரியல.

இப்படிக்கு,
ஒரு தாத்தா, அம்மாபேட்டை, சேலம்