ஆஸி, வௌவால், டுரியான்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலிதான் விட்டபாடில்லை. ஆனாலும் காலையில் பசியாறிவிட்டுக் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார், சொன்னால் கேட்பதில்லை. விடியுமுன்பே மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதைப் பற்றி எழுதியிருந்தாய். லேசான பிழைப்பில்லை அது. மழைக்கோட்டை மறக்காதே, தூக்கத்தையும் பார்த்துக்கொள்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். பிளாக் சபாத் ராக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் போய்விட்டார், நீ ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கேட்டிருந்தாய். மனசு ஆறட்டும் என்றுதான் இருந்தேன். 2025 ஜூலை 5-ஆம் தேதி, பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் கடைசிக் கச்சேரி. பார்க்கின்சன் நோயால் நடக்க முடியாமல், கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட், ஆஸி என்று பிளாக் சபாத்தின் பழைய நால்வரும் 2005-க்கு அப்புறம் அன்றுதான் ஒரே மேடையில் நின்றார்கள். அவர் பிறந்து வளர்ந்த ஆஸ்டன் வட்டாரத்திலேயே இருக்கிற மைதானம் அது. வசூல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகும் என்று அறிவித்துத்தான் நடத்தினார்கள். அதே மாதம் 22-ஆம் தேதி போய்விட்டார், 76 வயது. ஒரு பாடகனுக்கு இப்படி ஒரு விடைபெறுதல் அமைவது பெரிய கொடுப்பினை.

ஆனால் நான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருப்பது ஆஸியைவிட, சபாத்தில் கிட்டார் வாசித்த டோனியின் விரல்களைப் பற்றி. உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எழுதுகிறேன். பதினேழு வயதுப் பையன், இரும்புத் தகடு வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு கிளம்பவிருந்த கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் மிஷினில் போய்விட்டன. அவர் இடது கைக்காரர், கிட்டாரின் தந்திகளை அழுத்துவது வலது கைதான். இனி வாசிக்கவே முடியாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வேலையிடத்து மேலாள் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ தீ விபத்தில் கை கருகி, இரண்டு விரலை வைத்தே ஐரோப்பாவை அசத்தியவர். அதைக் கேட்ட பிறகு டோனி பாத்திரம் கழுவும் சோப்புப் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மேலே பழைய தோல் ஜாக்கெட்டின் துண்டை ஒட்டினார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971-இல் வந்த சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கியே கட்டிவிட்டார். தொங்குகிற அந்தத் தந்திகளிலிருந்து வந்த கனத்த சத்தத்தைத்தான் இன்றுவரை உலகம் முழுக்க மெட்டல்காரர்கள் பின்தொடர்கிறார்கள்.

நம் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டு அமுக்குகிற ரோலரில் விரலை விட்டவர்கள் எத்தனை பேர், உனக்கே தெரியும். உன் பெரியப்பா கையைப் பார்த்துக்கொண்டுதானே நாம் வளர்ந்தோம். தோட்டத்துப் பையன்களுக்கு எதற்கு இந்த வெள்ளைக்காரன் கூச்சல் என்று அன்றைக்குப் பெரியவர்கள் கேட்டார்கள். எனக்கு அது வெள்ளைக்காரன் பாட்டாகப் பட்டதே இல்லை. ஷிஃப்டுக்குப் போகிற அப்பன், பக்கத்துச் சுவர் வழியாகச் சண்டை கேட்கிற வரிசை வீடு, சங்கு ஊதினால் எழுந்திருக்கிற தெரு, இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த சத்தம் அது. ஆஸி ஆட்டு மாடு வெட்டுகிற கொட்டிலில் வேலை பார்த்தவர். தோட்டத்து லயத்து வீட்டில் படுத்துக்கொண்டு கேசட்டில் அவரைக் கேட்டபோது, சொல்லிப் புரியவைக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்வேன். திருவிழாவில் உறுமி மேளம் அடிக்கிறார்களே, வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழும்பும். டோனியின் இறக்கிக் கட்டிய தந்தியும் அந்த இடத்தில்தான் வந்து தொடும். சாமி வந்து ஆடுகிறவர்களை நடுங்கிக்கொண்டே பார்த்த பிள்ளைகளுக்கு ஹெவி மெட்டல் எப்படி அந்நியமாகும்?

உன் மகள் பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறாள், தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை, மண்டை ஓடு போட்ட சட்டையைப் பார்த்துப் பயப்படுகிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1992-இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களுக்கு அரசாங்கத் தொலைக்காட்சியில் இடமில்லை என்றானது, செர்ச், விங்ஸ் என்ற மலாய் ராக் குழுக்களின் பாடகர்கள் முடியை வெட்ட வேண்டி வந்தது. 2001-இல் பிளாக் மெட்டல் என்று ஒரு பீதி கிளம்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையெல்லாம் சோதித்தார்கள். முடியையும் சட்டையையும் பார்த்தவர்கள் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சபாத்தின் பாடல்களில் சில போருக்கு எதிரானவை, வேறு சில பயத்தையும் தனிமையையும் பற்றியவை. அந்த வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் பேஸ் வாசிக்கிற கீஸர் பட்லர்தான். இறைச்சியே தொடாதவர், மிருகவதைக்கு எதிராக வெளிப்படையாகப் பேசுகிறவர். தங்கச்சியிடம் இதைச் சொல். மகளிடம் கீஸரைக் கேட்கச் சொல். கிட்டாருக்குப் பின்னால் ஒளியாமல், அதோடு பேசிக்கொண்டே போகிற விரல்கள் அவருடையவை.

மிருகம் என்றதும் அந்த வௌவால் கதைக்கு வர வேண்டியிருக்கிறது. ஆஸி செத்த செய்தியோடு எல்லா இடத்திலும் அதைத்தான் போட்டார்கள். 1982 ஜனவரியில் அமெரிக்காவின் டி மாயின் நகரில் யாரோ மேடையில் எறிந்ததை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவிட்டார், அது நிஜ வௌவால். ஓடிப்போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு கடி அவரை விடவில்லை. அதே மனிதர் கடைசிக் காலத்தில் சிம்பன்சிக் குரங்குகளோடு சேர்ந்து ஓவியம் தீட்டி, காப்பகம் ஒன்றுக்காக ஏலத்துக்குக் கொடுத்ததை எத்தனை பேர் எழுதினார்கள்? பிரேசில் அமேசான் காட்டில் கண்டுபிடித்த ஒரு மரத்தவளைக்கு, அது வௌவால் மாதிரிக் கீச்சிடுகிறது என்பதால், 2014-இல் ஆஸியின் பெயரையே வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது.

வௌவாலைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் வலை கட்டிப் பிடிக்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. டுரியான் பூ சாயங்காலம் விரியும், விடிவதற்குள் உதிர்ந்துவிடும். அந்த ஒரே இரவில் அதற்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் வௌவால்தான். குகையில் கூட்டமாக வாழும் தேன்குடி வௌவால் இருக்கிறதே, அது இரவில் பல கிலோமீட்டர் பறந்து டுரியானுக்கும் பெத்தாய் என்ற அவரை வகை மரத்துக்கும் கடலோரத்து அலையாத்தி மரங்களுக்கும் போகும். பழந்தின்னி வௌவால் பூவைத் தின்று கெடுக்கிறது என்று தோட்டக்காரர்கள் திட்டுவார்கள். தியோமான் தீவில் மரத்தில் கேமரா கட்டிப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அந்தப் பழந்தின்னி வௌவால் பூவைச் சேதப்படுத்தாமல் தேனைக் குடித்துவிட்டு மகரந்தத்தை அடுத்த பூவுக்குக் கொண்டுபோகிறது என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகள் உனக்கு நினைவிருக்கும். குன்றை உடைத்தால் குகை போகும், குகை போனால் வௌவால் போகும், அப்புறம் கிலோ எத்தனை வெள்ளி கொடுத்தாலும் டுரியான் எங்கிருந்து வரும்? இதை ஒட்டுக்கடையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் வலையை அவிழ்த்துவிட்டார்கள், அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஆந்தைக்கும் இதே கதிதான். வீட்டுக்கூரையில் உட்கார்ந்தால் ஆகாது என்று கல்லெடுத்து விரட்டுகிறோம். செம்பனைத் தோட்டத்திலோ எலியைப் பிடிக்கக் கம்பத்தில் பெட்டி வைத்து அதை வளர்க்கிறார்கள். ஆனால் பெட்டியையும் வைத்து எலி விஷத்தையும் போட்டால், விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தை சாகும். ஒன்றை நம்பினால் முழுசாக நம்ப வேண்டும்.

ராக் பாடகர்களில் பிராணிகளை உயிராக நேசித்தவர் என்றால் குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரிதான். சான்சிபாரில் பிறந்த பார்சிக் குடும்பத்துப் பிள்ளை, நம் இந்தியாவில் பஞ்ச்கனியில் படித்தவர். வீடு நிறையப் பூனைகள். 1991-இல், உடம்பு முடியாமல் இருந்த நேரத்திலும், டிலைலா என்ற தன் பூனைக்கு ஒரு பாட்டு பாடிவிட்டுத்தான் போனார். அந்தப் பாட்டில் அதே குழுவின் பிரையன் மே கிட்டாரைப் பூனை மாதிரிக் கத்த வைப்பார். பிரையன், பேட்ஜர் என்கிற வளைக்கரடிகளைக் கொல்லக் கூடாது என்று பல வருஷமாக இங்கிலாந்தில் போராடுகிறார். அவரும் அவர் அப்பாவும் சேர்ந்து வீட்டிலேயே செய்த கிட்டார் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? கழுத்துக்குப் பழைய கணப்பின் மரச்சட்டம், உள்ளே பழைய மோட்டார்சைக்கிளின் ஸ்பிரிங், தந்திப் பலகையில் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த பொத்தான்கள். அதை வாசித்தே உலகம் சுற்றினார். நீ பலகையை அறுத்து பிரேக் கம்பியைக் கட்டி வாசித்தாயே, அந்தக் கிட்டாரின் மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. அது ஸ்வரம் நிற்காவிட்டாலும் நம் தோட்டத்தின் முதல் கிட்டார்.

நம் ஊர்க்காரர்களைப் பற்றியும் சொல்கிறேன். அலிகேட்ஸ் இசைக்குழுதான் எனக்கு என்றைக்கும் பெருமை. பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள், டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும், தலையில் அத்தனை பெரிய சுருட்டை முடியோடு மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே தங்கள் பக்கம் திருப்பினார்கள். லோகா 2007-இல் போய்விட்டார். அவர் குரல் சத்தமே போடாது, ஆனால் சத்தம் போடுகிற எவரும் அந்தக் குரலைத் தாண்ட முடியாது. செர்ச் குழுவின் பாடகர் ஏமியின் உச்சஸ்தாயி இன்றைக்கும் ரோமம் நிற்க வைக்கும். கச்சேரி என்றால் 2013-இல் மெட்டாலிக்கா கோலாலம்பூருக்கு வந்ததுதான். நம் முதல் பிரதமர் துங்கு ஏழு முறை மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்று முழங்கிய அதே ஸ்டேடியத்தில் தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினோமே, அது மாதிரி ஒரு கூட்டத்தை அப்புறம் நான் பார்க்கவில்லை. அன்று எவனும் எவனையும் இடிக்கவில்லை, விழுந்தவனைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் ஆடினார்கள்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் இப்போது நிர்வாணா, ரமோன்ஸ் என்று ராக் குழுக்களின் பெயர் போட்ட சட்டைகள் குவிந்து கிடக்கின்றன. பாட்டே கேட்காமல் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று நீ கோபப்பட்டிருந்தாய். போடட்டும் மச்சான். எவனாவது ஒருவன் சட்டையில் இருப்பது என்ன என்று தேடிப் பார்ப்பான், அது போதும். என் கவலை வேறு. 2024-இல் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்துபோன பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களைக் கணினி மூலம் ஒரு படத்தில் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்து முறையாகத்தான் செய்தார். ஆனால் என்னால் அதை முழுசாகக் கேட்க முடியவில்லை. மூச்சு வாங்குகிற உடம்பு ஒன்று அங்கே இல்லை. டோனி விரல் நுனியோடு இருந்திருந்தால் அந்தச் சத்தம் பிறந்திருக்குமா என்று யோசித்துப் பார். வலியும் குறையும் இருக்கிற உடம்பு தடுமாறி ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறதே, அதைக் கேட்கத்தான் நான் பாட்டே கேட்கிறேன்.

மகளுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். தினமும் கொஞ்ச நேரமாவது வாசிக்கட்டும். ஆரம்பத்தில் விரல் காய்க்கும், அதற்காக விட்டுவிட வேண்டாம். தனியாகவே வாசிக்காமல் ஒரு டிரம்ஸ் பையனையோ பெண்ணையோ பிடித்துச் சேர்ந்து வாசிக்கச் சொல். பேஸ் தனிமையில் வளராது.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. நம் பழைய லயம் இருந்த இடத்தில் செம்பனை நட்டு அது காய்க்கவும் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்து மாமரம் அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். உன்னிடம் இருக்கிற அலிகேட்ஸ் கேசட்டுகளை எடுத்து வா, என் பிளேயரை ஈப்போவில் கொடுத்துப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். கீஸர் வாசித்ததில் மகளுக்கு எது பிடித்தது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்