இரண்டு மாடிக்கும் ஒரே ஆள்

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். நான் கடிதமே போடுவதில்லை என்று நீ கோபமாக இருப்பதாகத் தாடிக்காரர் சொன்னார். நியாயம்தான், நேரில் வந்து திட்டு. இப்போது எழுத அவசரக் காரணம் ஒன்று இருக்கிறது.

என்னிடம் முனைவர் பட்டம் முடித்த பெண் அடுத்த மாதம் உங்கள் மத்திய வங்கியில் சேருகிறாள். வட்டியை முடிவு செய்யும் பணக்கொள்கைப் பிரிவா, வங்கிக் கண்காணிப்பா, ஒன்றைச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டும் வேண்டும். ஆளுக்கொரு வேலை என்றால்தான் உருப்படும் என்று நீ ஆரம்பிப்பாய். கொஞ்சம் பொறு.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததே, அது வாராக் கடனால் விழவில்லை. கையில் இருந்ததில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களும் அரசு ஆதரவுள்ள வீட்டுக்கடன் பத்திரங்களும். அசல் வருமா என்ற கவலையே கிடையாது. ஆனால் 1.5 சதவீத வட்டி தரும் 10 ஆண்டுப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள். சந்தை வட்டி 4 சதவீதமானால், புதுப் பத்திரமே அதிகம் தருமென்பதால், 100 டாலர் பத்திரம் 80 டாலருக்குத்தான் போகும். முதிர்வு வரை வைத்திருப்போம் என்று வகைப்படுத்திவிட்டால் அந்த இழப்பு லாப நட்டக் கணக்கில் ஏறாது. 2022 முடிவில் அப்படி ஏறாமல் கிடந்தது சுமார் 1,500 கோடி டாலர். வங்கியின் சொந்த மூலதனமே சுமார் 1,600 கோடிதான்! சந்தேகம் கிளம்பியதும் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் டெபாசிட் வெளியேறியது. பொருளாதார அறிஞர்கள் டயமண்டும் டிப்விக்கும் 1983-இல் எழுதிக் காட்டிய அதே ஓட்டம், பயத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பணத்தை எடுக்க ஓடுவது. அதற்காக அவர்களுக்கு நோபல் அறிவித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

என்னைத் தூங்கவிடாதது வேறு. 2022 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ், நெருக்கடியைத் தாங்குமா என்று பெரிய வங்கிகளுக்கு வைத்த சோதனையில், மிகக் கடுமையான நிலைமை என்று கற்பனை செய்தது வட்டி விழுவதை. அடுத்த மாதமே அதே பெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. ஓராண்டுக்குள் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது 4.5 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. சிலிக்கான் வேலி வங்கி அந்தச் சோதனைக்குள் வரவில்லை, சரி. ஆனால் ஒரே நிறுவனத்துக்குள் ஒருவர் செய்வது இன்னொருவரின் கணக்கில் ஏன் வரவில்லை?

2016-இல், வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பாசல் குழு இந்த வட்டி அபாயத்துக்குக் கட்டாயக் குறைந்தபட்ச மூலதனம் வைக்காமல், கண்காணிப்பவர் முடிவுக்கு விட்டது. அது போதும் என்கிறாய் நீ. போதாது. முடிவெடுப்பவருக்கு வட்டி எந்தப் பக்கமெல்லாம் போகலாம் என்ற யோசனை இருந்தால்தானே?

வங்கிகளுக்காக வட்டியை ஏற்றாதே என்று நான் சொல்லவில்லை. விலைவாசி ஏறினால் ஏற்றத்தான் வேண்டும். எந்த வங்கி எவ்வளவு தாங்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் தயங்காமல் ஏற்றலாம். நான் ஆய்வுக்கு வந்த நாளிலிருந்து மூலதன விதிக்காரர்கள் ஒரு கருத்தரங்கில், வட்டிக்காரர்கள் இன்னொன்றில். மிச்சமிருக்கும் என் ஆய்வுக் காலத்தை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் செலவிடப் போகிறேன்.

அதனால் அவளைக் கண்காணிப்பில் சேர்த்துக்கொள். வட்டி முடிவுக்கான குறிப்பு தயாராகும் வாரங்களில் மேல்மாடிக்கு, பணக்கொள்கைப் பிரிவுக்கு, அனுப்பு. இயக்குநரிடம் நீ பேசினால் நடக்கும். மூலதனம் பற்றிய உன் வாதத்தை அவளிடமும் சொல்லிப் பார், என்னைவிட நன்றாகச் சண்டை போடுவாள். அவள் சேருவதற்குள் பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்