என் காருக்காக அலைந்தவர்களுக்கு ஒரு நன்றி

வேளச்சேரி அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் வணக்கம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய என் காருக்கு இன்சூரன்ஸ் பணம் ஒருவழியாக வந்துவிட்டது. தனியாக நன்றி சொன்னால் "அட விடுங்க" என்று போனை வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

முதல் நன்றி மேல்மாடித் தம்பிக்கு. 2023 டிசம்பர் 4 அன்று கார் பார்க்கிங்கில் சீட் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. தண்ணீர் வடிந்ததும் சாவியோடு இறங்கிய ஒவ்வொருவரையும் "யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கத்தித் தடுத்தது இந்தத் தம்பிதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது என்ஜினைச் சுற்றினால், தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கம்பியான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவை சாதாரண பாலிசியில் கொடுக்கவும் மாட்டார்கள். ஒவ்வொரு காரிலும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கதவில் சேறு படிந்த கோடு தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வைத்தான். எங்களில் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

ஊரே இழுவை வண்டி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வழக்கமான வாடகையே வாங்கிக்கொண்டு, நாலு சக்கரமும் தரையில் படாமல் பிளாட்பெட் லாரியில் ஏற்றிப்போன டிரைவர் அண்ணனுக்கும் நன்றி.

அப்புறம் மெக்கானிக் அண்ணன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும். வண்டியைத் தண்ணீரில் ஓட்டியிருக்கிறீர்கள், அதனால் என்ஜின் வேலைக்குப் பணம் கிடையாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டியை எங்கே ஓட்டுவது? இவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயரை மறுபடி வரவழைத்து, அவர் கண் முன்னாலேயே என்ஜினைப் பிரித்து, நாலு ராடும் நேராக இருப்பதை அளந்து காட்டினார். தண்ணீரோடு என்ஜினை ஓட்டியிருந்தால் அவை வளைந்திருக்குமே. சர்வேயரும் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிக் கொடுத்தார். அவருடைய வேலைதான், ஆனாலும் நன்றி சார்.

கடைசியாக, இன்சூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு சார். ரிப்போர்ட் வந்த பிறகும் இழுத்தடித்தவர்களுக்கு, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி பெயருக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதித் தந்தவர் இவர். அதற்கும் மசியாவிட்டால் ஒரு மாதம் கழித்து இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை என்று தைரியம் சொன்னார். அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் தேய்மானம் என்று பாதி பிடித்தபோது நான் குதித்தேன். "தேய்மானம் பிடிக்காத ஜீரோ டிப்ரிசியேஷன் போடலையே, இது நியாயமான பிடித்தம்தான்" என்று அடக்கியதும் இவரே. பக்கத்து பிளாக்கில் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்பதைப் பார்த்தபிறகு அந்தக் கோபமும் போய்விட்டது.

சார், புதுப்பிக்கும்போது, தண்ணீர் புகுந்து கெட்ட என்ஜினுக்கும் பணம் தருகிற என்ஜின் ப்ரொடெக்டும் ஜீரோ டிப்ரிசியேஷனும் சேர்த்துவிட்டேன். பாலிசி நகலை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.